ஐந்தாவது ரவுண்டில் பேசுவது யார்?

குறுவட்டப் போட்டிகள் முடிந்து, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருக்கும் நேரம். எந்த மைதானத்துக்குப் போனாலும் வளைவு ஓரமாக நின்று நாம் போடும் சத்தம் ஒன்றுதான். "விடாத, விடாத!", "கையைப் போடு!", "என்ன, தூங்கிட்டே ஓடுறியா?" 3000 மீட்டர் என்பது ஏழரை ரவுண்டு. ரவுண்டுக்கு ஒருமுறை, நம்மைக் கடக்கும் சில விநாடிகள் மட்டும் நம் குரல் ஓடுபவர் காதில் விழுகிறது. மற்ற நேரமெல்லாம் அவரோடு பேசிக்கொண்டு வருவது அவரேதான். கால் பயிற்சிக்கு அட்டவணை போடுகிற நாம் அந்தப் பேச்சுக்கு எந்தப் பயிற்சியும் கொடுப்பதில்லை.

'பாசிட்டிவ் திங்கிங்' வேண்டும் என்று உடைமாற்றும் அறையின் சுவரில் நாலு வாசகம் ஒட்டுவதைப் பயிற்சி என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண் என்றால்கூடப் பரவாயில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களைத் தம்மைத் தாமே பாராட்டும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சொல்லாதவர்களைவிடச் சொன்னவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. ஹீட்ஸில் கடைசியாக வந்து வியர்வை காயாமல் நிற்கிற பிள்ளையிடம் "நான்தான் நம்பர் ஒன்னுன்னு சொல்லு" என்றால், அவள் மனசு உடனே "பொய்" என்னும். அந்த எதிர்வாதத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் அவள் அடுத்த போட்டிக்கு வருவாள்.

பலன் தந்த முறை வேறு மாதிரியானது. பிளான்ச்ஃபீல்டு, மார்கோரா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 24 பேர். உச்சத் திறனின் 80 சதவீதத்தில், இனி முடியாது என்கிறவரை சைக்கிள் மிதிக்க வேண்டும். பாதிப் பேருக்கு இரண்டு வாரம் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் பயிற்சி. திரும்பி வந்தபோது அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாகப் பத்தரை நிமிடத்திலிருந்து பன்னிரண்டரை நிமிடமாக, அதாவது 18 சதவீதம், கூடியிருந்தது. மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. இரண்டு வாரத்தில் உடம்பின் திறன் அவ்வளவு ஏறாது என்பது நமக்குத் தெரியும். மாறியது, அதே உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பது. உழைப்பு எவ்வளவு கடினம் என்று எண்ணால் சொல்லும்படி பாதி வழியில் கேட்டபோதே அவர்கள் குறைவான எண்ணைச் சொன்னார்கள். தசை தீர்ந்துபோவதால் மனிதன் நிற்பதில்லை, தான் தரத் தயாராக இருக்கிற உழைப்பின் எல்லை வந்துவிட்டதாக உணரும்போது நிற்கிறான் என்பது மார்கோராவின் வாதம். முழுக்க ஒப்புக்கொள்ளாத உடலியங்கியல்காரர்கள் உண்டு. எனினும் ஐந்தாவது ரவுண்டில் தொய்ந்த பையன் கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து வருவதை வாராவாரம் பார்க்கிற நமக்கு அந்த வாதம் புதிதாக இருக்காது.

அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. யாரும் வாசகத்தைத் திணிக்கவில்லை. அவரவர் சொல்லை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். நடுவழிக்கு ஒரு சொல், முடிவு நெருங்கும்போது இன்னொன்று என்று பிரித்தார்கள். தங்கள் வழக்கமான பயிற்சியில் சொல்லிப் பார்த்து, ஒட்டாததை மாற்றினார்கள்.

இதை மைதானத்துக்குக் கொண்டுவருவது கடினமில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஆஷ்லி சாம்சன் குழுவினர் 2015இல் பத்து ஓட்டக்காரர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, ஓடும்போது மனசில் வருவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வந்த எண்ணங்களில் 40 சதவீதம் வேகமும் தூரமும், 32 சதவீதம் வலியும் அசௌகரியமும், மிச்சம் சுற்றுப்புறம். கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். ஆறு முறை 800 மீட்டர் ஓடும் பயிற்சியில் நாலாவது முடிந்ததும், டைமிங் சொல்வதற்கு முன்னால், "இப்ப உள்ள என்ன ஓடுச்சு?" என்று கேளுங்கள். ஒரு கல்லூரி மாணவி சொன்னது: "கால் கல்லாயிடுச்சு, இன்னும் ரெண்டு இருக்கேன்னு தோணுச்சு சார்." கால் வலியைவிட, பாக்கி இருக்கிற இரண்டைத்தான் அவள் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு வேண்டியது தூரத்தைச் சுருக்கித் தரும் சொல். சின்ன வயதில் வயலுக்கு நடத்திக் கூட்டிப்போகும்போது அவளுடைய ஆச்சி சொல்வதையே எடுத்துக்கொண்டாள்: "வா தாயி, அந்தத் திருப்பம் வரைக்கும் வா." எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாசகம். எதிர்நேர்ப் பாதையில் நுழையும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொள்கிறாள்.

அவள் தன்னையே முன்னிலையில் அழைப்பதைக் கவனியுங்கள். பாங்கர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹார்டி குழுவினர் 2019இல் 16 பேரை 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவைத்தார்கள். "நான்" என்று பேசிக்கொண்டதைவிட "நீ" என்று பேசிக்கொண்டபோது சுமார் 2 சதவீதம் வேகமாக முடித்தார்கள். இத்தனை சிறிய ஆய்வின் மேல் மாளிகை கட்டக் கூடாது. ஆனால் உள்ளே பேசும் குரல் "நீ" என்று அழைக்கிறதென்றால் அது பெரும்பாலும் வெளியே யாரோ அழைத்த குரல்தான் என்பது என் கணிப்பு. வேறொரு மைதானத்தில் இதே கேள்விக்கு ஒரு பையன் சொன்னான்: "'சோம்பேறி, சோம்பேறி'ன்னு ஓடிச்சு சார்." அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவனுடைய பயிற்சியாளர் விசிலோடு பக்கத்தில்தான் நின்றார். திட்டினால் ரோஷம் வந்து ஓடுகிறவர்கள் இல்லாமலில்லை, அவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் யார் அந்த ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திட்டுகிற பயிற்சியாளரைப் பார்த்ததில்லை. நாம் இன்று கத்துவதைத்தான் அந்தப் பிள்ளை நாம் இல்லாத ஊரில், மாநிலப் போட்டியில், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளப் போகிறது.

ஊக்கச் சொல் மட்டும் போதாது. கிரேக்கத்தின் தெசலி பல்கலைக்கழகத்தில் ஹாட்ஸிஜார்ஜியாடிஸ் குழுவினர் 2011இல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுணுக்கம் தேவைப்படும் வேலைகளுக்குச் செய்முறைச் சொற்கள் கூடுதலாக உதவுவது தெரிந்தது. தடை ஓட்டக்காரருக்கு "சிங்கக்குட்டி"யைவிட "முட்டியைத் தூக்கு" பயன்படும். நெடுந்தூர ஓட்டத்திலும் களைப்பு ஏறித் தோள் காதுவரை உயரும் நேரத்தில் "தோளை இறக்கு" என்பது வேலை செய்யும்.

எல்லாம் பலித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இரவு முழுக்க ஓடும் 60 மைல் பந்தயம் ஒன்றில் 29 பேரை வைத்து மக்கார்மிக் குழுவினர் இந்தப் பேச்சுப் பயிற்சியைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். முடித்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் பயிற்சி பெற்றவர்களில் பலர் அது உதவியதாகச் சொன்னார்கள், பிறகும் கைவிடவில்லை. அத்தனை நீளமான பந்தயத்தில் வயிறு, தூக்கம், கொப்புளம், இருட்டு என்று முடிவைத் தீர்மானிக்கப் பல காரணங்கள். சொல்லால் எல்லாவற்றையும் தள்ள முடியாது.

என்னைக் கவலைப்படவைப்பது பலிக்காத ஆய்வு அல்ல, அதிகமாகப் பலித்த ஒன்று. கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் 35 டிகிரி வெப்ப அறையில் சைக்கிள் வீரர்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரப் பேச்சுப் பயிற்சிக்குப் பின் தாக்குப்பிடித்த நேரம் எட்டு நிமிடத்திலிருந்து பதினொன்றானது. அங்கே உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தார்கள், பக்கத்தில் ஆள் இருந்தது. நம் மைதானத்தில் கோடையில் 35 டிகிரி காலை பத்து மணிக்கே வந்துவிடும். வெப்பமானியும் இருக்காது, சில இடங்களில் தண்ணீர்க் குடமும் இருக்காது. நிறுத்தச் சொல்லும் உணர்வைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, எப்போது தள்ளக் கூடாது என்று கற்றுக்கொடுக்காமல் விட்டால் விபரீதம். ஆகவே ஒவ்வொருவருடைய சொற்பட்டியலிலும் நிறுத்தும் சொல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் நிலை. தலை சுற்றுகிறதா, வெயிலில் உடம்பு சிலிர்க்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, ஒரே இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறதா, உடனே "நில்லு". அதையும் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அப்படி நின்று வருகிற பிள்ளையை அன்றைக்கு யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஒருமுறை கேலி செய்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை நிற்காது.

குறிப்பேட்டில் டைமிங் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: எந்த ரவுண்டில் என்ன சொல்லிக்கொண்டார், உழைப்புக்குப் பத்துக்கு எத்தனை கொடுத்தார், அன்றைக்கு வெயில் எப்படி. ஒரு சொல்லுக்கு மூன்று வாரம் கொடுங்கள், எண் இறங்கவில்லையென்றால் மாற்றுங்கள். பருவம் முடிந்ததும் பெயர்களை மறைத்து அந்தப் பக்கங்களை எங்களுக்கு அனுப்பினால் இந்த இதழில் வெளியிடுவோம். ஒரு பலனும் இல்லை என்று காட்டும் பக்கங்களுக்கு முதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.