வராது என்னும் சொல்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் மூத்த அம்மையார் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தோம். டில்லிக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயினவாம். "இந்தி மட்டும் எனக்கு வராது" என்றார். தம் சொந்த ஊரின் பெயரைச் சொல்வது போல, அத்துணை இயல்பாகச் சொன்னார்.

கடைக்குப் போனாலும் மருத்துவரிடம் போனாலும் அவருக்காகப் பேசுபவள் பேத்தி. அண்மையில் அவருக்கு நெஞ்சில் வலி கண்டது. வலி எங்கே தொடங்கிற்று, எந்தப் பக்கம் பரவிற்று, எத்தனை நாளாய் இருக்கிறது என்பதையெல்லாம் பதின்மூன்று வயதுக் குழந்தை எவ்வாறு எடுத்துரைக்கும்? தம் நோயைத் தாமே சொல்ல வகையின்றி அவர் வாய்மூடி அமர்ந்திருந்தார்.

இஃது அவர் ஒருவரின் கதை அன்று; நம்முள் பலரின் கதை. ‘வராது’ என்று எண்ணுவோர் முயல்வதில்லை. முயலாமையால் வருவதில்லை. வராததைக் கண்டு, ‘அன்றே சொன்னேன் அல்லவா?’ என்கிறோம். நாம் இட்ட பூட்டை நாமே விதி என்று கருதிவிடுகிறோம்.

இந்த எண்ணம் எங்கே பிறந்தது என்று அந்த அம்மையாரையே கேட்டோம். வந்த புதிதில் அவர் பேச முயன்றாராம். தமிழில் உயிரற்ற பொருள்கள் யாவும் அஃறிணை. இந்தியிலோ ரொட்டி பெண்பால், அரிசி ஆண்பால். அவர் மாற்றிச் சொன்னதும் வீட்டிலிருந்தோர் சிரித்தனர். அன்று மூடிய வாய் பிறகு திறக்கவில்லை. சிரித்தவர்கள் அதை அன்றே மறந்துவிட்டனர்.

வயது ஏறியபின் மூளை மாறாது என்பார் உளர். லண்டன் நகரில் வாடகைக் கார் ஓட்ட உரிமம் பெற விரும்புவோர் ஏறத்தாழ 25,000 தெருக்களை நினைவில் இருத்த வேண்டும். அப்பயிற்சியை மேற்கொண்ட 79 பேரைச் சில ஆண்டுகள் ஆராய்ந்து, 2011-இல் இரண்டு அறிஞர்கள் முடிவை வெளியிட்டனர். தேர்ச்சி பெற்ற 39 பேரின் மூளையில், நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதோரிடம் அவ்வளர்ச்சி காணப்படவில்லை. அவர்கள் அனைவரும் வளர்ந்த மனிதர்களே. கார் ஓட்ட வேண்டும் என்னும் விருப்பமும் அனைவருக்கும் இருந்தது. ஆயினும் விருப்பம் மட்டும் போதவில்லை. கற்றுத் தேறியவர்களிடமே மாற்றம் காணப்பட்டது.

ஆகவே, ‘இன்று முதல் மனத்தை மாற்றிக்கொள்வேன்’ என்று சூளுரைப்பதால் பயன் இல்லை. சிறு செயலொன்றைத் தொடங்கினால் மனம் அதன் பின்னே வரும். அமெரிக்க உளவியலறிஞர் கேரல் டுவெக், ‘வரவில்லை’ என்பதோடு ‘இன்னும்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறார். ‘வராது’ என்பது முடிந்த பேச்சு. ‘இன்னும் வரவில்லை’ என்பதில் நாளைக்கு இடம் இருக்கிறது.

அறுபது வயதில் கற்பவரின் உச்சரிப்பு ஆறு வயதுக் குழந்தையின் உச்சரிப்பைப் போல் அமையாதிருக்கலாம். அதனால் குறையொன்றும் இல்லை. காய்கறி வண்டிக்காரரிடம் நாளுக்கு ஒரு வாக்கியம் பேசினால் போதும். இல்லத்தோர் செய்யவேண்டுவதும் ஒன்று உண்டு: பிழை கேட்டுச் சிரியாதிருத்தல்.

அம்மையாருக்கு அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தோம்: "யஹாங் தர்த் ஹை" — இங்கே வலிக்கிறது. நெஞ்சில் கைவைத்து மும்முறை சொன்னார். மூன்றாம் முறை திருத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. பேத்தி அருகில்தான் நின்றாள், சிரிக்கவில்லை.