பச்சோந்தி பொய் சொல்வதில்லை

கட்சி தாவும் அரசியல்வாதியைப் பச்சோந்தி என்று ஏசுவது தமிழ் மேடைகளில் பழகிப்போன வழக்கம். இந்த ஏச்சு அரசியல்வாதிக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, பச்சோந்திக்குப் பொருந்தாது. இடத்துக்கேற்ப வேடம் போடுவதற்காக மட்டும் அது நிறம் மாறுவதில்லை. கோபம், அச்சம், தோல்வி, குளிர் அனைத்தும் அதன் தோலில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பச்சோந்தி வளர்ப்போர் பலர், அதன் முகத்தருகே கமராவைக் கொண்டுசென்று எடுத்த படங்களை இணையத்தில் குவிக்கின்றனர். நிறத்தின் அழகைப் பாராட்டப் பலருண்டு. அந்த நிறம் எப்படி வந்தது என்று கேட்பாரில்லை.

மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் நுண்பளிங்குகள் அடுக்கடுக்காக இருப்பதை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் விளக்கினர். பிராணி அமைதியாக இருக்கையில் பளிங்குகள் நெருங்கி நிற்கும்; தோல் பச்சையாகத் தெரியும். போட்டியாளனைக் கண்ட ஆண் கிளர்ச்சியுற்றால் பளிங்குகளின் இடைவெளி கூடும். மஞ்சளும் செம்மஞ்சளும் மேலெழும். படத்துக்காக இன்னோர் ஆணையோ கண்ணாடியையோ காட்டி நிறமேற்றுவது, ஒருவரை வலிந்து சண்டைக்கு இழுத்துவிட்டு அவரது முகச்சிவப்பை மெச்சுவதற்கு ஒப்பானது.

குட்டிகளின் நிலை இன்னும் பரிதாபம். மடகாஸ்கரை ஒட்டிய நோசி ஹாரா தீவின் புரூக்கீசியா மிக்ரா இனம் 2012 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானபோது, தீக்குச்சித் தலையில் அதன் குட்டி நிற்கும் படம் உலகைச் சுற்றிவந்தது. முழு வளர்ச்சியிலும் 30 மில்லிமீற்றரை எட்டாத ஓர் உயிரின் அளவை அப்படம் உணர்த்தியது. ஆனால், பொரித்துச் சில நாட்களேயான வளர்ப்புக் குட்டிகளை விரல் நுனியிலும் பென்சில் முனையிலும் ஏற்றிவைப்பதால் எந்த அறிவு வளர்கிறது?

"அது அசையாமல்தானே நிற்கிறது, அதற்கென்ன துன்பம்?" என்று வாதிடுவோர் உளர். அசையாமை சம்மதம் அன்று. உடலைத் தட்டையாக்கி, நிறம் கறுத்து, வாயைப் பிளந்து நிற்கும் பச்சோந்தி எம்மை விலகச் சொல்கிறது. அதையே 'அபூர்வக் காட்சி' என்று பதிவு செய்வது இரக்கமற்ற செயல்.

படமே எடுக்கக்கூடாது என்பதல்ல என் வாதம். 100 மில்லிமீற்றர் மக்ரோ வில்லை இருந்தால் முகத்தில் முட்டாமலே நுணுக்கமான படம் எடுக்கலாம். பிளாஷ் வேண்டாம், யன்னல் வெளிச்சம் போதும். பிராணி தன் கூட்டில், தான் பழகிய கிளையிலேயே இருக்கட்டும். நிறம் கறுக்கத் தொடங்கினால் உடனே விலகிவிடுங்கள்.

பச்சோந்தி தன் நிலையைத் தோலிலேயே எழுதிக் காட்டுகிறது. படமெடுப்போர் முதலில் அதை வாசிக்கப் பழகட்டும்.