லாரி எஞ்சினின் காலை மந்தம்

கொல்கத்தாவின் போஸ்தா மொத்தச் சந்தையிலிருந்து ஜனவரி மாதப் புலர்காலையில் புறப்படும் லாரிகள் வெண்புகை கக்கித் தயங்குவதுண்டு. அம்மாதத்தில் நகரின் சராசரிக் குறைந்த உஷ்ணநிலை ஏறக்குறைய 14 டிகிரி சென்டிகிரேடு. மனிதருக்கு இது கடுங்குளிரன்று. சுமார் 85 டிகிரியில் செவ்வனே இயங்கும் எஞ்சினுக்கோ குளிரே.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எண்ணெய் பற்றுகிறது. (சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை மாணவர் தொட்டறியலாம்.) குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் அவ்வெப்பத்தைக் கவர்வதால் எரிதல் தாமதிக்கிறது, எண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே வெண்புகையாய் வெளியேறுகிறது. தடித்த மசகு எண்ணெயும் சுழற்சியைத் தடுக்கிறது.

லாரியை நிறுத்தியபடியே எஞ்சினை நெடுநேரம் ஓடவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. சுமையற்ற எஞ்சின் எளிதில் சூடேறாது. எரியாத எண்ணெய் சுவரில் வழிந்து மசகு எண்ணெயைக் கெடுக்கும். ஓரிரு நிமிடங்களுக்குப் பின் மெல்லச் செலுத்துவதே தக்கது. கோடையில் நீர் கொதிக்குமென அஞ்சித் தெர்மாஸ்டாட்டை அகற்றுவது அதனினும் பெருந்தவறு. எஞ்சின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாது காப்பது அக்கருவியே. அதனை இழந்த லாரி நெடுந்தூரம் மந்தமாகவே செல்லும், தேய்மானமும் மிகும். குளிர்காலக் காலைகளில் தரையொட்டிய காற்று மேலெழாது தேங்குவதால், அது கக்கும் புகை நடைபாதையில் மூட்டை சுமப்போரின் மூச்சில் கலக்கிறது.