பரணிலிருந்து இறங்கிய அடுப்பு

சென்ற மாதம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு, என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல் மேடையில் ஒரு காஸ் அடுப்பு பளபளவென்று மின்னியது.

"புதுசா வாங்கினியா?" என்றேன்.

"இல்லே அண்ணி, நம்ம அம்மாவோடது! பரண்ல கிடந்துச்சு" என்றாள்.

எனக்கு மனசு என்னவோ செய்தது. 2007-இல் அரசு இலவசமாகக் கொடுத்த அடுப்பு அது. அதுவரை விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய என் மாமியார், அதைத் தினமும் துடைத்துப் பொட்டு வைப்பார்.

பழைய அடுப்புகளைச் சீராக்குவது இப்போது நாத்தனாருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அவள் சொன்ன பக்குவம் இது: அடுப்பு நன்றாக ஆறியதும் பித்தளை பர்னர்களைக் கழற்றி, புளியும் உப்பும் கரைத்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அடைத்திருக்கும் துளைகளை ஊசியால் குத்தி எடுக்கலாம். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஜெட்டின் கண்ணை மட்டும் குடைந்து பெரிதாக்கிவிடக் கூடாது. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். நீலமாக எரிந்தால்தான் சரி.

ஆனால் முதல் அடுப்பில் அவள் செய்த தப்பு சாதாரணமானதல்ல! எல்லாவற்றையும் மினுக்கியவள், பழைய ரப்பர் ட்யூபை அப்படியே மாட்டிவிட்டாள். சிலிண்டரைத் திறந்ததும் குப்பென்று வாடை. இருட்டாக இருக்கிறதே என்று லைட் சுவிட்சுக்குக் கை போக, அவள் மாமியார், "தொடாதேடி! மூடிட்டுக் கதவைத் திற!" என்று கத்தினாராம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சில் எழும் சிறு பொறி போதுமே!

"அன்னைக்கு அத்தை இல்லேன்னா, அம்மா அடுப்பே எங்களுக்கு எமனாயிருக்கும், அண்ணி" என்றபோது அவள் குரல் தழுதழுத்தது.

ஆகவே சகோதரிகளே, மினுக்குவது நம் வேலை. ட்யூப், குமிழ், ரெகுலேட்டர் மூன்றும் காஸ் ஏஜென்ஸி மெக்கானிக்கின் வேலை. குமிழ் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ட்யூபையும் ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள். நுரை குமிழியிட்டால் கசிகிறது என்று அர்த்தம். தீக்குச்சியால் பார்க்கவே கூடாது. வாடை வந்தால் வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

அன்று அந்த அடுப்பில்தான் நாத்தனார் எனக்குக் காபி போட்டாள். தீ நீலமாக எரிந்தது. மாமியார் பொட்டு வைக்கும் இடத்தில், அவளும் குங்குமம் வைத்திருந்தாள்.