லட்சம் பேர் இல்லாத ஊரில் வீடற்றோர் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மதுரை அருகே சோழவந்தான் பேரூராட்சியில் ரயில் நிலையத்திலும் கடைத் திண்ணைகளிலும் இரவில் படுத்துக்கிடப்பவர்கள் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அரசின் கணக்குக்குத்தான் தெரியவில்லை. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்க இடம் என்றே அளந்தது. லட்சத்தை எட்டாத பேரூராட்சிகளை இந்த அளவுகோல் எட்டிப் பார்ப்பதில்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அது ஊராட்சிகளில் குடிசையில் வாழ்பவர்களுக்கு. குடிசைகூட இல்லாதவர் எங்கே போவார்?

பணமில்லை என்ற பதிலை ஏற்பதற்கில்லை. ஆளுக்கு 50 சதுர அடி என்பது அந்த இயக்கமே வகுத்த விதி. பத்துப் பேர் படுக்க 500 சதுர அடி போதும். கழிப்பறையும் சமையலிடமும் தனி. இதற்குக் கான்கிரீட் மாளிகை தேவையில்லை. செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் கால் பங்குச் செங்கல் மிச்சமாகும் என்று திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியே காட்டினார். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களையும் அவர் வீணாக்கவில்லை. சூளையில் சுடாமல், மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து அழுத்திய கற்களால் புதுச்சேரி அருகே ஆரோவில்லில் பல கட்டடங்கள் எழுந்திருக்கின்றன.

நம் பக்கத்தில் பழைய வீட்டை இடித்தால் தேக்கு நிலை மரக்கடைக்குப் போகிறது. உடைந்த செங்கல்லும் ஓடும் நீர்நிலைக் கரைகளில் குவிகின்றன. இடிபாடுகளைத் தனியே சேகரித்து மறுபடி பயன்படுத்தச் சொல்லும் மத்திய அரசின் விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. கண்மாய் வண்டலை உழவருக்கும் மண்பாண்டத் தொழிலாளருக்கும் இலவசமாகத் தரும் அரசு, காப்பகச் சுவருக்கும் தரலாம். மணல் கலந்து பக்குவப்படுத்தக் கொத்தனார்களுக்குத் தெரியும்.

கூரைக்கு மட்டும் கீற்று வேண்டாம். 2004-இல் கீற்றுக் கூரை வேய்ந்த கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பிறகும் அந்தத் துணிச்சல் கூடாது. ஓடு போடுவோம். செலவு குறைவு என்பதற்காகப் பாதுகாப்பு குறையக் கூடாது. பெண்களுக்குத் தனி அறையும் பூட்டும், தண்ணீரும் விளக்கும், இரவில் பொறுப்பாக ஓர் ஆளும் இருந்தே ஆகவேண்டும்.

வழிப்போக்கருக்கு இடம் தருவது நமக்குப் புதிதல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஊர் கூடிக் கட்டிய சாவடி இல்லாத கிராமம் இந்தப் பக்கம் அரிது. சோழவந்தானிலும் உழைப்பைத் தர இளைஞர்கள் முன்வருவார்கள். நிலமும் அனுமதியும் அரசிடம்தான் இருக்கின்றன.

பேரூராட்சிதோறும் குறைந்தது பத்துப் பேருக்கு ஒரு காப்பகம் என்று அரசு ஆணையிட வேண்டும். அதற்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்க வேண்டும். மண் கல்லையும் மீட்ட பொருள்களையும் பொறியாளரின் மதிப்பீட்டில் ஏற்க வேண்டும். கட்டிய பின் பராமரிக்க ஆண்டுதோறும் நிதி தர வேண்டும். மக்கள்தொகை குறைவு என்பதற்காக ஒருவரைத் தெருவில் விட எந்த அரசுக்கும் உரிமையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சோழவந்தான்.