அகத்தியர் மலையில் ஒரு பெண்

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் சிகரம் அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். தமிழ் முனிவர் அங்கேயே உறைவதாக நம்பிக்கை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் போனக்காட்டிலிருந்து காட்டு வழியே ஏற வேண்டும். வனத் துறை அனுமதிப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். அதுவும் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும்.

மலையடிவாரக் காணிப் பழங்குடியினருக்கு அகத்தியர் குலதெய்வம், பிரம்மச்சாரி. பெண்கள் நெருங்கலாகாது. (புராணமோ அவருக்கு லோபாமுத்திரை என்ற மனைவியைத் தருகிறது!) மலையேறும் பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஆண் பெண் பேதம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் உச்சியைத் தொட்டார்.

அதே மாதம் சபரிமலையில் இரு பெண்கள் நுழைந்ததற்குக் கேரளம் கடையடைப்பும் கல்வீச்சுமாகக் கொந்தளித்தது. காணிகளுக்கும் வருத்தம்தான். எதிர்ப்பைச் சொன்னார்கள், வழிமறிக்கவில்லை. ஏறி இறங்குகிறவர்களுக்கு அது சிகரம். காணிகளுக்கு வீடு. விருந்தாளி பெண்ணானாலும் ஆணானாலும், வீட்டுக்காரர் மனம் கோணாமல் நடப்பதுதான் மரியாதை.