ஊரடங்கில் காற்று சுத்தமாச்சு... எங்க ஏரியாவில்?

"கொரோனாவால ஒரே ஒரு நல்லது நடந்துச்சு டாக்டர்... காத்து சுத்தமாச்சு!"

என் கிளினிக்கில் இன்றைக்கும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வதுண்டு. பாதி நிஜம்தான். மீதிப் பாதியை, கொடுங்கையூரில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிற என்னைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் நின்றன. வண்டிப் புகையில் வருகிற நைட்ரஜன் டை ஆக்ஸைடு பெரிய நகரங்களில் மளமளவென்று இறங்கியது. பஞ்சாபில் ஜலந்தர்காரர்கள் மொட்டை மாடியில் நின்றபடி, பல வருஷமாகக் கண்ணில் படாத இமயமலைத் தொடரைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

சரி, நம் வட சென்னையில்?

எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம்... இவையெல்லாம் அத்தியாவசியப் பணிகள். மின்சாரத் தேவை குறைந்ததால் நாடு முழுக்க நிலக்கரி எரிப்பது கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால், அடுப்பு அணையவில்லை. மனுஷனுக்குத்தான் ஊரடங்கு, புகைபோக்கிக்கு ஏது?

அடுத்து, எங்கள் குப்பை மேடு. சுமார் 340 ஏக்கர். சென்னையின் வடபாதிக் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாக இங்கேதான் வந்து விழுகிறது. ஊரடங்கில் ஓட்டலும் ஆபீஸும் மூடியிருந்ததால் அந்தக் குப்பை குறைந்தது. பதிலுக்கு என்ன வந்தது தெரியுமா? முகக்கவசம், கையுறை, பார்சல் டப்பா, பிளாஸ்டிக் கவர்! நீலக் கலரில் துணி மாதிரி மெத்தென்று இருந்ததே முகக்கவசம், அது துணி இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். போட்டுக் கழற்றியதைக் கத்தரித்து, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போடுங்கள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லியது. எத்தனை வீட்டில் செய்தோம்? மனசாட்சியோடு கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, அதைத் தினமும் வந்து அள்ளியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அந்த 2020 மே, ஜூனில் ராயபுரம் மண்டலம்தான் நகரத்திலேயே அதிகமாகத் தொற்று கண்ட மண்டலம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வெயில் காலத்தில் இந்த மேட்டில் தீப்பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. எழில் நகர்ப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பை புகைந்தால் நுண்துகளோடு டையாக்ஸின் போன்ற நச்சும் வரும். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நேராக நுரையீரல் அடிவரை போய்விடும். அந்த நாட்களில் என்னிடம் வருகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு இரைப்பும் இருமலும்தான்.

"ஏதாவது கஷாயம் கொடுங்க டாக்டர்" என்பார்கள். கொடுக்கிறேன். ஆடாதோடை, திப்பிலி, தூதுவளை எல்லாம் கபத்தை இளக்கும். கபசுரக் குடிநீரை அரசாங்கமே வீதி வீதியாகக் கொடுத்ததைப் பார்த்தோம். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்று. கஷாயம் குடித்துக்கொண்டே புகைக்குள் வாழலாம் என்று எந்தச் சித்த வைத்தியனாவது சொன்னால் நம்பாதீர்கள். நோய்க்குக் காரணத்தை விலக்குவதுதான் முதல் வைத்தியம் என்றுதான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தால் திட்டித்தான் அனுப்புவேன்.

இன்னொரு சமாச்சாரம். ஊரடங்கில் வெளிக்காற்று சுத்தமாக இருந்த ஊர்களிலும், ஜன்னலை அடைத்துக்கொண்டு கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி என்று வீட்டுக்குள் புகை போட்டவர்கள் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் ராத்திரி முழுக்கக் கொசுவத்தியா? கொசுவலை கட்டுங்கள் ஐயா!

இப்போது எங்கள் மேட்டில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலை நடக்கிறது. வரவேற்கிறேன். ஆனால், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இங்கே வரும் என்ற திட்டத்தை எதிர்த்து 2025-ல் இந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். நான் அவர்கள் பக்கம். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. காய்கறித் தோலையும் சாம்பார் மிச்சத்தையும் எரித்து என்ன மின்சாரம் எடுப்பது? அதை மக்க வைத்தால் உரம். ஏற்கெனவே இத்தனை புகைபோக்கி இருக்கிற இடத்தில் இன்னொன்று எதற்கு? வண்டி நின்றதும் காற்று தெளிந்ததை நாமே கண்ணால் பார்த்தோமே! அப்படியானால் புகை என்பது தலையெழுத்து இல்லை, யாரோ எடுக்கிற முடிவு.

அண்ணா நகரில் இருக்கிற வாசகி கேட்கலாம், "இதில் எனக்கென்ன?" என்று. உங்கள் வாசலில் ஒரே கவரில் கட்டி வைக்கிற சானிட்டரி நாப்கினும், குழந்தை டயபரும், ரசத்துப் புளியும் சேர்ந்து எங்கேயம்மா போகிறது? ஈரத்தைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாக, நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தெருமுனையில் யாராவது சருகையும் கவரையும் குவித்துக் கொளுத்தினால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடாதீர்கள். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். ஒரு தடவையில் நடக்காவிட்டால் மறுபடியும் போடுங்கள்.